எண்ணும் பண்ணும்

குழந்தைகளுக்குப் பாட்டு இயற்றுவது எளிய காரியம் என்று எண்ணுவோர் பலர். பெரியோர் அவையிலே பாட இயலாதவன் சிறுவர்க்குப் பாடட்டும் என்னும் கருத்து வெளிப்படையாகச் சொல்லப்படாவிடினும் எல்லா நாட்டிலும் நிலவி வருகின்றது. சொல்லைக் குறைத்து, பொருளை மெலிவித்து, இடையிடையே நாயின் குரலையும் பூனையின் குரலையும் கலந்துவிட்டால் அது குழந்தைப் பாட்டாகிவிடும் என்று இவர்கள் நம்புகின்றனர். இந்நம்பிக்கை எத்துணைப் பிழையானது என்பதற்குச் சான்றாக, 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் இசைத்தட்டை இன்று எம் வாசகர் முன் வைக்க விரும்புகின்றோம்.

‘மல்டிப்ளிகேஷன் றொக்’ என்பது அவ்விசைத்தட்டின் பெயர். கப்பிட்டல் நிறுவனம் அதனை வெளியிட்டது. பெருக்கல் வாய்பாட்டைப் பொருளாகக் கொண்ட 11 பாட்டுக்கள் அதில் அடங்கியுள்ளன. ‘ஸ்கூல்ஹவுஸ் றொக்’ என்ற பெயரில் ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் 1973 சனவரி முதல் ஒளிபரப்பிய சிறுவர் சித்திரப்படத் தொடருக்குரிய பாட்டுக்களே அவை. ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 3 நிமிட நேரமே ஓடும். சனிக்கிழமை காலையில் சித்திரப்படம் பார்ப்பதற்கென்று கண்விழித்துக் காத்திருந்த சிறுவர்களின் முன்னே, ஒரு நிகழ்ச்சிக்கும் மற்றொரு நிகழ்ச்சிக்கும் இடையில், வழக்கமாக விளம்பரம் வந்து நிற்கும் இடத்துக்கு அருகே வாய்பாடு வந்து நின்றது.

இம்முயற்சி பள்ளிக்கூடத்திலே தோன்றியதன்று. கல்வித் திணைக்களத்திலே தோன்றியதுமன்று. நியூயோர்க் நகரின் விளம்பர நிறுவனம் ஒன்றிலே தோன்றியது. அந்நிறுவனத்தின் தலைவருள் ஒருவரான டேவிட் மக்கோல் தம் மகனிடத்தே ஒரு விந்தையைக் கண்டார். பெருக்கல் வாய்பாடு அப்பிள்ளையின் மனத்திலே தங்குவதாயில்லை. ஆயின், அக்காலத்து றொக் பாட்டுக்களின் அடிகள் அனைத்தும் தங்குதடையின்றி அவன் நாவிலே வந்தன. மறதி பிள்ளையின் குற்றமன்று, கற்பிக்கும் முறையின் குற்றமே என்று தந்தை உணர்ந்தார். வாய்பாட்டையே பாட்டாக்கித் தருமாறு தம் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் நியூவல் என்பாரிடம் கூறினார்.

முதலில் வந்த பாட்டுக்கள் மனநிறைவு அளிக்கவில்லை. பின்னர் பொப் டொரோ என்னும் ஜாஸ் இசைஞர் அழைக்கப்பெற்றார். 1923இல் பிறந்த இவர், மைல்ஸ் டேவிஸ் என்னும் பெருங்கலைஞரோடு சேர்ந்து பாடி ஒலிப்பதிவு செய்தவர். மெத்தையிலே தைக்கப்படும் அறிவிப்புத் துணியின் வாசகத்துக்குக்கூட மெட்டு அமைத்தவர் என்றால், எண்வரிசைக்கு மெட்டு அமைக்க இவரினும் தக்கார் யாவர்? மக்கோல் இவருக்கு விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று. பிள்ளைகள்தானே என்று தாழ்ந்து எழுதலாகாது என்பதே அது. அந்நிபந்தனையைக் கேட்டதும் தம் உள்ளம் சிலிர்த்தது என்று டொரோ பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கின்றார்.

அவர் முதலிற் கொணர்ந்தது மூன்று என்னும் எண்ணைப் பற்றிய பாட்டு. வாய்பாட்டைச் சொல்லுமுன் மூன்றின் பெருமையை அது சொல்லுகின்றது. சென்றது, நிகழ்வது, வருவது எனக் காலம் மூன்று. முக்கோணத்துக்குப் பக்கம் மூன்று. ஆணும் பெண்ணும் கூடி வாழும் இல்லத்திலே குழந்தை பிறந்ததும் அவர் மூவராகின்றனர். இவ்வாறு எண்ணொன்றை வாழ்வோடு பிணைத்துக் காட்டிய பின்னரே மும்மூன்றாக எண்ணத் தொடங்குகின்றார் கவிஞர். இதனைக் கேட்ட ரொம் யோ என்னும் ஓவியர், கேட்டவாறே படங்களைக் கீறத் தொடங்கினார். இசைத்தட்டாக மட்டும் எண்ணப்பட்டது சித்திரப்படமாக மாறியது அப்பொழுதுதான். படத்துக்காகப் பாட்டெழுதுதலே எங்கும் வழக்கம். இங்கே பாட்டைத் தொடர்ந்து படம் வந்தது. இத்தட்டைப் படமின்றித் தனியே கேட்பினும் குறைவு தோன்றாமைக்கு இதுவே காரணம் எனலாம்.

பதினொரு பாட்டுக்களும் பதினொரு வகையின. அனைத்தையும் இயற்றி மெட்டமைத்தவர் டொரோ ஒருவரே. ஐந்தின் வாய்பாடு கண்பொத்தி ஒளித்துப் பிடிக்கும் விளையாட்டிலே எண்ணும் எண்ணாகின்றது. ஒன்பதின் வாய்பாட்டிலே பூனையொன்று எலியை வருத்துகின்றது. கிறேடி ரேட் என்னும் பாடகர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘புளூஸ்’ முறையில் அதனைப் பாடுகின்றார். ஒன்பதால் பெருக்கிய விடையின் இலக்கங்களைக் கூட்டினால் மீண்டும் ஒன்பதே வரும் என்னும் கணக்கின் நுட்பமும் அங்கே ஒளிந்திருக்கின்றது. எட்டின் வாய்பாட்டைப் பாடுபவர் புளொசம் டியரி என்னும் மென்குரற் பாடகி. வகுப்பிலிருந்தவாறே பனித்தரையில் எட்டு வடிவிலே சறுக்கிச் செல்வதாகக் கனவு காணும் சிறுமியின் பாட்டு அது. அதில் இழையோடும் மெல்லிய துயரம், சிறுவர் பாட்டிலே நாம் எதிர்பாராத ஒன்று. துயரம் சிறுவர்க்கு விளங்காது என்று எவர் சொன்னார்?

பன்னிரண்டின் பாட்டோ இன்னும் துணிவுடையது. கையிலே பன்னிரண்டு விரல்கள் படைத்த ஓர் உயிர் எவ்வாறு எண்ணும் என்று அது வினவுகின்றது. பத்துக்கும் பதினொன்றுக்கும் தனித்தனிக் குறிகள் அமைத்து, பன்னிரண்டை அடியாகக் கொண்ட எண்முறையையே பிள்ளைகளுக்குக் காட்டிவிடுகின்றது. நாம் பத்துப் பத்தாக எண்ணுவது நமக்குப் பத்து விரல்கள் வாய்த்தமையாலேயே என்னும் உண்மையைப் பெரியோருள்ளும் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்? பாட்டினாற் கற்பது கிளிப்பிள்ளைக் கல்வி என்று இகழ்வோர்க்கு இப்பாட்டொன்றே போதிய விடையாகும்.

இது மேனாட்டார் புதிதாகக் கண்ட நெறியன்று. நம் திண்ணைப் பள்ளிகளிலே எண்சுவடியை ஓசையோடு ஓதியே பிள்ளைகள் கணக்குக் கற்றனர். சொற்பொருள் கூறும் நிகண்டுகளும் செய்யுளாகவே அமைந்தன. ஏடு கையில் இல்லாத வேளையிலும் ஓசை நெஞ்சில் இருக்கும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆயின், அவர் முறையிலே பிரம்பும் உடனிருந்தது. டொரோவின் இசைத்தட்டிலே பிரம்பு இல்லை. அச்சமின்றி மனனம் செய்விக்க இயலும் என்று காட்டியதே அதன் சிறப்பென்று கருதுகின்றோம்.

எனினும், புகழ்ந்து மட்டும் அமைவது நடுநிலையாகாது. பாட்டிலே பதிந்தது அழியாது என்பது உண்மையானால், பாட்டிலே பதிந்த பிழையும் அழியாது என்பதும் உண்மையே. பெருக்கலைத் தொடர்ந்து இலக்கணமும், அமெரிக்க வரலாறும், விஞ்ஞானமும் இத்தொடரிலே பாட்டாயின. அந்நாட்டு அரசியலமைப்பின் முகவுரையை லின் ஆரன்ஸ் என்னும் அம்மையார் இசையமைத்துப் பாடினார். மெட்டுக்கு அடங்காமையால் நாட்டின் பெயரைச் சுட்டும் சொற்கள் முதலடியிலே விடுபட்டன. பாட்டின் வழியே முகவுரையைக் கற்றவர்கள் அச்சொற்களை விட்டே ஒப்புவிக்கும் நிலை உண்டாயிற்று. இது சிறு பிழை, சிரித்து மறக்கலாம். ஆயின், குடியேறிகள் மேற்றிசை நோக்கிப் பரவிய வரலாற்றைக் களிப்போடு பாடும் பாட்டொன்றும் அத்தொடரில் உண்டு. கைகால் நீட்ட இடம் வேண்டும் என்று புறப்பட்டோரின் உவகையை அது பாடுகின்றது. அந்நிலத்தில் வழிவழியாக வாழ்ந்த பூர்விகக் குடிகள் இழந்தவற்றை அது கணக்கிலெடுக்கவில்லை. இப்பாட்டு பின்னாளிலே கண்டனத்துக்கு உள்ளானது வியப்பன்று. இனிய மெட்டு வாய்பாட்டையும் சுமக்கும். பாதி உண்மையையும் அதே இனிமையோடு சுமக்கும். கேட்கும் பிள்ளை இரண்டையும் பிரித்தறியும் வயதினதன்று. ஆதலின், பிரித்தறியும் கடமை எழுதுவோனைச் சார்ந்தது.

முதல் தொடர் 1985 வரை நீடித்தது. 1993இல் மீண்டும் உயிர்பெற்றது. 1989இல் ‘டி லா சோல்’ என்னும் இளைஞர் குழுவினர் மூன்றின் பாட்டைத் தழுவித் தம் பாட்டொன்றை அமைத்தனர். சிறுவயதிலே கேட்டது வளர்ந்தபின் கலையாக மீண்டது. பாட்டுக்கள் அனைத்தும் 1996இல் ஒரு பேழையாகத் தொகுக்கப்பட்டன. அத்தொகுப்பை, நாட்டின் ஒலிச்செல்வங்களுள் ஒன்றெனப் பேணத்தக்க தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலே அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2018ஆம் ஆண்டுக்குரிய தெரிவுகளோடு சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டின் ஏப்பிரல் மாதத்திலே டொரோ தமது 94ஆம் வயதில் மறைந்தார். பெரும் ஜாஸ் மேடைகளிலே பாடிய அக்கலைஞரைப் பல்லாயிரவர் வாய்பாட்டுக் கவிஞராகவே நினைவு கூர்ந்தனர். அதனை ஒரு குறைவாக நாம் கருதவில்லை.

சிறுவர்க்கென எழுதுவோரும் பாடுவோரும் நம்மிடையேயும் உளர். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அவர்க்கு இடம் கொடுப்போரும் உளர். அவர் அனைவர்க்கும் நாம் கூறுவது இது: உங்களிடமுள்ள சிறந்த கவிஞரையும், சிறந்த பாடகரையும், சிறந்த வாத்தியக்காரரையும் பிள்ளைகளிடம் அனுப்புங்கள், எஞ்சியவரை அனுப்பாதீர்கள். பெரியோர் ஒரு பாட்டைக் கேட்டு மறுநாளே மறந்துவிடுவர். எட்டு வயதுப் பிள்ளையோ, இன்று கேட்ட பாட்டை எண்பது வயதிலும் தன் பேரப்பிள்ளைக்குப் பாடிக் காட்டும். அத்துணை நீண்ட ஆயுள் உடைய பாட்டை எழுதுமுன் இருமுறை சிந்தித்தல் தகும்.