கரடியாகலாம், ஆனா கரடியைப் பார்த்திருக்கணும்

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் மேசைகளில் ஒரு முறைப்பாடு அடிக்கடி வரும்: மிருகமா உருமாறுற ட்ரூயிட் மத்தவங்களுக்கு வேலையே வைக்கிறதில்லை. அது வெறும் பொறாமை இல்லை. 2014 விதிகள்படி ஒருவகை ட்ரூயிட் 2ஆம் லெவலிலேயே பழுப்புக் கரடியாகலாம். கரடிக்கு உயிர்ப்புள்ளி 34. அதே லெவல் போர்வீரருக்கு 20 அளவில்தான். கரடி விழுந்தா ட்ரூயிட் பழைய உடம்போடு எழும்பி, இன்னொருமுறை கரடியாகலாம். 2024 விதிகள் இதைக் கணக்கால் திருத்தின: சொந்த உயிர்ப்புள்ளியே தொடரும், கூடவே கொஞ்சம் தற்காலிகப் புள்ளி.

கணக்கு சரி. ஆனா நான் கேட்கிறது கதைக்குள்ளேயே ஒரு விலை. திருமூலர் கதை நமக்குத் தெரியும்: இறந்த இடையன் மூலனின் உடம்புக்குள் புகுந்தவர் திரும்பி வந்தா, சொந்த உடம்பைக் காணோம். கூடு விட்டுக் கூடு பாயுறது இலவசமில்லை.

2014 விதியிலேயே ஒரு நிபந்தனை இருக்கு: முன்பு பார்த்த மிருகமாகத்தான் மாறலாம். அதை இறுக்கிப் பிடிப்போம். மடுல்சீமை மாதிரி தேயிலை மலையில் வளர்ந்த பாத்திரத்துக்குக் காட்டுப்பன்றி, மரை, சிறுத்தை சரி. நம்ம நாட்டுக் கரடி இருக்கிறது கீழே வறண்ட காட்டில். கரடி வேணும்னா கூட்டமே அங்கே போகணும். அது தண்டனையில்லை, அடுத்த வாரத்துக் கதை.

ஒரே நிபந்தனை: ஆட்டம் தொடங்க முன்னமே எல்லாரும் பேசி ஒத்துக்கணும். ட்ரூயிட் ஜெயிச்ச பிறகு போடுறது விதியில்லை, கோபம். தோட்டத்தில் நாலு பேரைச் சேர்க்கிறதே கஷ்டம். ஒருத்தர் சலிச்சுப்போய் போனை எடுத்தா மேசையே கலைஞ்சிடும்.