விற்கப் போகும் வீட்டுக்குப் பூச்சு வேலை எதற்கு?

டாலிகஞ்சிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்ட நம்மவர்கள் பலர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்கோ கோவைக்கோ போய்விடலாம் என்று தீர்மானித்ததும் இவர்கள் முதலில் தேடுவது கொத்தனாரைத்தான். “இந்த ஸ்திதியில் காட்டினால் யார் நல்ல விலை கொடுப்பார்கள்?” என்று கேட்கிறார்கள். நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்வி, தனி வீடுகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் தவறானது என்பது என் அபிப்பிராயம்.

1986 ஏப்ரலில் மெட்ரோ ரயில் டாலிகஞ்ச் வரை வந்தது. 2009ல் கரியா பக்கம் நீண்டது. இன்று இங்கே விலை போவது மண்தான், கட்டடம் அல்ல. இரண்டரை, மூன்று கட்டா மனையில் ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது என்றால், பார்க்க வருகிறவர் பெரும்பாலும் புரமோட்டராகத்தான் இருப்பார். ஒரு கட்டா என்பது 720 சதுர அடி. மனை எத்தனை கட்டா, தெரு எத்தனை அடி அகலம், எத்தனை மாடி எழுப்ப அனுமதி கிடைக்கும் என்பதே அவர் கணக்கு. சுவரின் வண்ணம் அந்தக் கணக்கில் வருவதேயில்லை.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், குத்காட் பக்கம் குடியிருந்தவர், ஓய்வுபெற்ற பணத்திலிருந்து எடுத்துத் தரை முழுவதும் புது ஓடு பதித்து, உள்ளும் புறமும் பெயின்ட் அடித்து, வீட்டைக் கல்யாண வீடு போல் ஆக்கினார். வாங்கியவர் மூன்றாம் மாதம் அதே தரையைக் கடப்பாரை வைத்துப் பெயர்த்தார். கொடுத்த விலை, வேலை தொடங்குவதற்கு முன் அவர் சொன்ன அதே விலைதான். கையில் இருந்த காசு போனதோடு, அந்த நான்கு மாதமும் மாமி சிமென்ட் தூசியில் இருமிக்கொண்டிருந்தார்.

நான் குமாஸ்தாவாக இருக்கும் ரயில்வேயில் கழித்த வாகன்களையும் பழைய தண்டவாளங்களையும் ஏலம் விடும்போது, “எங்கே இருக்கிறதோ அங்கே, எப்படி இருக்கிறதோ அப்படியே” என்பதுதான் நிபந்தனை. பெயின்ட் அடித்து யாரும் விற்பதில்லை. ஆனால் பட்டியலில் சரக்கின் விவரம் சரியாக இருக்க வேண்டும். வீட்டுக்கும் இது பொருந்தும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் ஒரு கடமை விதிக்கிறது. வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை ஒன்று விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை அவர் சொல்லியே ஆகவேண்டும். ஓதம் ஏறி உப்புப் பூத்த சுவரை, வங்காளிகள் ‘நோனா’ என்று சொல்வதை, மேலே புதுப்பூச்சுப் பூசி மறைப்பது இந்த வகையில்தான் சேரும். அடுத்த மழைக்காலத்திலேயே அது பொருக்காக உதிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். பழுதைப் பழுதென்று சொல்லி விற்பவருக்கு அந்தப் பயம் இல்லை.

சரி, வாங்குகிறவர் குடியிருக்கவே வாங்கினால்? அடுக்குமாடியில் பிளாட் விற்பவர்களுக்கு இது பொருந்தும். அங்கே குழாய் ஒழுக்கு, மின்சார ஒயரிங், உடைந்த ஜன்னல் இவற்றைச் சரிசெய்வது பயன் தரும். அதற்கு மேல் சமையலறையை மாற்றுவதெல்லாம் வீண். வருகிறவர் தம் இஷ்டப்படிதான் மாற்றிக்கொள்வார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விற்பதா வேண்டாமா என்று இரண்டு மூன்று வருஷம் யோசிக்கப் போகிறவர்கள், மாடியில் தண்ணீர் இறங்குவதையும் கார்னிஸில் முளைத்த அரசங்கன்றையும் குளியலறையில் வழுக்கும் தரையையும் உடனே கவனிக்கட்டும். அந்தச் செலவு விலைக்காக அல்ல, தங்கள் எலும்புக்காக.

கொத்தனாருக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் ஒரு பகுதியை வக்கீலுக்குக் கொடுத்தால் விலை நிச்சயம் ஏறும். கார்ப்பரேஷன் வரி பாக்கி, மியூட்டேஷன், மூலப் பத்திரம் இவற்றில் ஒன்று குறைந்தாலும் புரமோட்டர் விலையை அடித்துப் பேசுவார். தகப்பனார் பெயரிலேயே இருக்கும் வீடுகளில் சிக்கல் அதிகம். உயில் இல்லாவிட்டால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சுயார்ஜித வீட்டில் மனைவி, தாயார், மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. தஞ்சாவூரில் கட்டிக்கொடுத்த அக்காவின் கையெழுத்தும் வேண்டும். அக்காவோடு பேச்சுவார்த்தை இல்லை என்றால், வெள்ளையடிப்பதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும்!

வருமான வரியிலும் ஒரு சூட்சுமம். 2024 ஜூலை 23 முதல் வீடு விற்ற நீண்டகால ஆதாயத்துக்கு வரி 12.5 சதவீதம். அந்தத் தேதிக்கு முன்பே வாங்கிய வீடானால், இங்கே வசிக்கும் தனிநபர்கள் விலைவாசிக் குறியீட்டைச் சேர்த்து 20 சதவீதம் என்ற பழைய கணக்கோடு ஒப்பிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். புது அறை கட்டிய செலவை ஆதாயத்திலிருந்து கழிக்கலாம். வெள்ளையடித்ததையும் ஒட்டுப்போட்டதையும் கழிக்க முடியாது. ஆக அந்தப் பணம் இரண்டு வழியிலும் திரும்பாது.

வீட்டை இடித்துக் கட்டி ஆளுக்குப் பாதி என்று புரமோட்டரோடு ஒப்பந்தம் செய்துகொள்வதைச் சிலர் பெரிய லாபமாகக் கருதுகிறார்கள். ஐம்பது வயதுக்காரர் செய்யட்டும். எழுபத்தைந்து வயதில் வாடகை வீட்டுக்குப் பெட்டி படுக்கையைத் தூக்கிப் போய், கட்டடம் முடியக் காத்திருப்பது எளிதல்ல. 2024 மார்ச்சில் கார்டன் ரீச்சில் அனுமதியின்றிக் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் சரிந்து பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். 2025 ஜனவரியில், நமக்குப் பக்கத்திலுள்ள பாகா ஜதினில், நான்கு மாடிக் கட்டடம் ஒன்றைத் தூக்கி நிறுத்தும் வேலை நடக்கும்போதே அது சாய்ந்துவிட்டது. எல்லாப் புரமோட்டரும் அப்படியல்லர் என்றாலும், முதியவர்கள் உள்ளது உள்ளபடி விற்று, பத்திரப் பதிவன்றே முழுத்தொகையும் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு சாவியைக் கொடுப்பதையே நான் ஆதரிப்பேன். பழைய தேக்குக் கதவுகளும் இரும்பு உத்தரங்களும் யாருக்கு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவற்றுக்கு இன்றும் நல்ல கிராக்கி.