விருப்பப் பட்டியலில் மூன்றாம் கற்கைநெறி

உயர்தரப் பெறுபேறு வந்து இசட் புள்ளி கைக்குக் கிடைத்ததும் அம்பாறை மாவட்டத்தின் நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, சம்மாந்துறை வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: மெடிசின் கிடைக்குமா, கிடைக்காதா? கிடைக்கும் என்றால் வீடு பெருநாள் வீடாகிவிடும். கிடைக்காது என்று தெரிந்துவிட்டால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைக் கையில் எடுக்கவும் யாருக்கும் மனம் வருவதில்லை. விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்கும்போது பிள்ளை சோர்ந்த மனத்தோடு உட்கார்ந்து, கூடப் படித்தவனின் பட்டியலைப் பார்த்துக் கற்கைநெறிகளின் யுனிகோட் இலக்கங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நிரப்பிவிடுகிறது. மிருக வைத்தியம் அந்தப் பட்டியலில் எங்கோ கீழே கிடக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பேராதனை மிருக வைத்திய பீடத்தின் கதவு நம் பிள்ளைகளுக்கு அடைபடுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் என்பது என் கருத்து. பரீட்சைக்குப் படித்த இரண்டு வருடத்தில் காட்டிய கவனத்தில் பத்தில் ஒரு பங்கை அந்தப் பட்டியலுக்குக் காட்டினாலே நிலைமை மாறும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்த நாட்டில் அரச மருத்துவ பீடங்கள் பத்துக்கும் மேல் இருக்கின்றன. மிருக வைத்தியத்துக்கு ஒரே ஒரு பீடம்தான், அதுவும் பேராதனையில். அனுமதி மூன்று கூறுகளாகப் பிரிகிறது. 40 வீதம் அகில இலங்கைத் திறமை வரிசைக்கு, 55 வீதம் சனத்தொகை விகிதப்படி 25 மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அம்பாறை அந்த 16இல் ஒன்று. 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் சனத்தொகை இரண்டு கோடி மூன்று இலட்சத்துக்கு மேல், அம்பாறை மாவட்டத்தினது ஆறரை இலட்சம் அளவில். அதாவது மூன்று வீதத்துக்குச் சற்றுக் கூட. கணக்குக்காக மொத்த அனுமதியை நூறு என்று வைத்துக்கொண்டால், மாவட்டக் கோட்டாவில் அம்பாறைக்கு விழுவது இரண்டு இடம்கூட முழுசாக இல்லை. பின்தங்கிய மாவட்டப் பங்கையும் சேர்த்தாலும் இரண்டு, மூன்றைத் தாண்டாது. அந்த இரண்டு, மூன்று இடத்துக்குள் அம்பாறை நகரப் பிள்ளையும் அக்கரைப்பற்றுப் பிள்ளையும் திருக்கோவில் பிள்ளையும் நிந்தவூர்ப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். இனத்துக்கென்றோ மொழிக்கென்றோ தனி வரிசை கிடையாது.

இந்தச் சின்னத் தொகையைக் கேட்டதும் மனம் உடைவதுதான் வழமை. எனக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. வெட்டுப்புள்ளி என்பதை நாம் கொழும்பில் யாரோ முன்கூட்டியே கட்டி வைத்த மதில் போல நினைக்கிறோம். அப்படி ஒரு மதில் இல்லை. அந்த வருடம், அந்த மாவட்டத்திலிருந்து, அந்தக் கற்கைநெறியைக் கேட்டு இடம் பெற்றவர்களில் கடைசிப் பிள்ளை எடுத்த இசட் புள்ளிதான் வெட்டுப்புள்ளி. கேட்டவர்கள் யார் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். இருப்பது இரண்டே இடம் என்றால், கூடிய புள்ளி எடுத்த ஒரு பிள்ளை மிருக வைத்தியத்தைக் கேட்காமல் விட்டாலே அடுத்த பிள்ளைக்கு வழி திறக்கும். மருத்துவத்தில் ஒரு மாவட்டத்துக்கே பல இடங்கள் இருப்பதால் ஒருவரின் தெரிவு பெரிதாக எதையும் அசைக்காது. இங்கே ஒருவரின் தெரிவு எல்லாவற்றையும் அசைக்கும். அப்படியிருக்க, கடந்த வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்துத் தன்னுடையது கொஞ்சம் குறைவு என்று கண்டு, பட்டியலில் எழுதாமலே விட்டுவிடுகிற பிள்ளை தன்னைத் தானே பரீட்சையில் தோற்கடித்துக்கொள்கிறது. எழுதிக் கிடைக்காமல் போனால் நட்டம் எதுவுமில்லை. ஆணைக்குழு ஒரு பிள்ளைக்கு அதன் புள்ளி எட்டக்கூடிய தெரிவுகளில் மேலே உள்ளதைத்தான் கொடுக்கிறது. மேலே எழுதியது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்க்கிறது. மேலே ஆசைப்பட்டதற்காகக் கீழே உள்ளதைப் பறிப்பதில்லை. முதற் சுற்றில் கிடைக்காதவர்களுக்கு வெற்றிடம் நிரப்பும் சுற்றுகளும் பின்னால் இருக்கின்றன. அங்கேயும் பட்டியலில் பெயர் எழுதியவருக்குத்தான் இடம்.

இதே விதியில் எதிர்ப்பக்கமும் உண்டு. மிருக வைத்தியத்துக்கு மேலே ஒரு பிள்ளை வேறு ஐந்து கற்கைநெறிகளை யோசிக்காமல் எழுதி, அதிலொன்றுக்குப் புள்ளி எட்டிவிட்டால், மிருக வைத்தியம் கிடைக்கக்கூடிய புள்ளியோடேயே வேறிடம் போய்ச் சேரும். ஆகவே வரிசை என்பது ஆசையின் உண்மையான வரிசையாக இருக்க வேண்டும். மருத்துவம், பல் வைத்தியம், அதற்குப் பிறகு மூன்றாம் கற்கைநெறியாக மிருக வைத்தியம் என்று எழுதுவதையே நான் குறைந்தபட்சமாகச் சொல்வேன். மாட்டையும் ஆட்டையும் உண்மையாகவே நேசிக்கிற பிள்ளை அதை முதல் வரியில் எழுதினாலும் பெற்றோர் திகைக்கத் தேவையில்லை.

புள்ளியை உயர்த்துவது பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் மிருக வைத்தியக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவர் விலங்குகளோடு எத்தனை மணித்தியாலம் வேலை செய்தார் என்று கணக்குக் காட்ட வேண்டும், பெரும்பாலும் மிருக வைத்தியரிடம் பரிந்துரைக் கடிதமும் வாங்க வேண்டும். நமக்கு இவை ஒன்றுமில்லை. நேர்முகப் பரீட்சை கிடையாது, கடிதம் கிடையாது. பட்டி பட்டியாக மாடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைக்கும் மாட்டைத் தொட்டறியாத பிள்ளைக்கும் அளவுகோல் ஒன்றே: மூன்று பாடங்களின் இசட் புள்ளி. இசட் புள்ளி சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தூரம் விலகி நிற்கிறீர்கள் என்பதை அளக்கிறது. மூன்று பாடத்துக்கும் ஒரே நிறை. உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் உயிரியலில் இராப்பகலாக ஊறிவிட்டு, பௌதிகவியலை எப்படியும் தேறினால் போதும் என்று தள்ளி வைக்கிறார்கள். பௌதிகவியலிலும் இரசாயனவியலிலும் அவர்கள் கணிதப் பிரிவுப் பிள்ளைகளோடு ஒரே திரளில் அளக்கப்படுகிறார்கள் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? உயிரியலில் 75ஐ 80 ஆக்கப் போராடும் நேரத்தில் பௌதிகவியலில் 40ஐ 55 ஆக்கினால் கிடைக்கும் பலன் பல மடங்கு. இன்னொன்று, மாவட்டம். பிள்ளையின் மாவட்டம் எது என்பதைத் தீர்மானிப்பது அது பரீட்சைக்கு முந்திய வருடங்களில் படித்த பாடசாலை. நல்ல ரியூசன் என்று கண்டிக்கோ கொழும்புக்கோ பாடசாலையை மாற்றும் பெற்றோர், அம்பாறை மாவட்டத்துக்குரிய பங்கையும் சேர்த்தே கைவிடுகிறார்கள் என்பதை மாற்றுவதற்கு முன்பே கைநூலைப் புரட்டி அறிந்துகொள்ளட்டும்.

இரசாயனவியலும் பௌதிகவியலும் பரீட்சைக்கு மட்டும் உரிய சுமை என்று நினைக்கிறவர்கள் கன்று ஈன்ற பசுவுக்குப் பக்கத்தில் மிருக வைத்தியர் மண்டியிட்டு இருப்பதைப் பார்க்க வேண்டும். நல்ல பால் மாடு கன்று போட்ட மறுநாள் எழும்ப முடியாமல் கிடக்கிறது. காது குளிர்ந்திருக்கிறது, தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறது. பாலுக்காக இரத்தத்திலிருந்த கல்சியம் திடீரென்று இறங்கியதால் தசைகள் வேலை செய்யாமல் போன நிலை அது. வைத்தியர் கழுத்து நாளத்தில் ஊசியை ஏற்றிக் கல்சியம் போத்தலைக் கையில் உயர்த்திப் பிடிக்கிறார். மறு கையில் நெஞ்சில் வைத்த ஸ்டெதஸ்கோப். போத்தலை உயர்த்தினால் மருந்து வேகமாக இறங்கும், தாழ்த்தினால் மெதுவாகும். வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும். துடிப்பைக் கேட்டுக் கேட்டு, ஒரு சாண் உயர்த்தி, ஒரு சாண் தாழ்த்தி, அவர் அந்தப் போத்தலை முடிக்கிறார். கொஞ்ச நேரத்தில் மாட்டின் தோல் சிலிர்க்கிறது, சாணம் போடுகிறது, முன்காலை ஊன்றி எழும்பிவிடுகிறது. திரவ அழுத்தமும் அயனும் வாழ்வும் சாவும் ஒரு சாண் உயரத்துக்குள் அடங்கும் தொழில் இது. மருத்துவம் கிடைக்காதவருக்கான ஆறுதல் பரிசு என்று இதை அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

நம் ஊருக்கு இந்த அறிவு எவ்வளவு தேவை என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். கிழக்கே கடல், மேற்கே வயல் என்று கிடக்கும் இந்தக் கரையில் பெரும்போக அறுவடை முடிந்தால் மாடுகள் வயலுக்கு இறங்கும், விதைப்புத் தொடங்கினால் பட்டிகள் மேற்கே மேய்ச்சல்தரை தேடிப் போகும். எருமைத் தயிரும் ஹஜ்ஜுப் பெருநாளில் பலியிடும் உழ்ஹிய்யாவும் இந்தப் பட்டிகளை நம்பித்தான். 2020இன் கடைசியில் வடக்கில் தொடங்கி, மாடுகளின் தோலில் கட்டி கட்டியாக எழும் அம்மை நோய் மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. 2022 டிசம்பரில் ஓரிரு நாள் அடித்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் விழுந்து செத்தன. தொற்றுநோயோ என்ற பயம் பரவி, இறைச்சியைக் கொண்டுபோவதற்கே தடை வந்தது. குளிர்தான் காரணம், தொற்று அல்ல என்று சொல்ல மிருக வைத்தியர்களின் பரிசோதனை தேவைப்பட்டது. அந்த நாட்களில் பட்டிக்காரரிடம் அவரது மொழியிலேயே விளங்கப்படுத்தக்கூடிய வைத்தியர் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கேள்வியைப் பெற்றோர் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். தமிழில் பேசும் மிருக வைத்தியர் ஒருவர் ஒரு பிரதேசத்துக்குக் கிடைப்பது பட்டிக்காரருக்குப் பெரிய நிம்மதி.

மறுப்புகள் எனக்குத் தெரியாதவை அல்ல. நாய், பன்றி என்று தொட வேண்டி வருமே என்பது நம் முஸ்லிம் வீடுகளில் முதலில் எழுவது. அது மரியாதையோடு பதில் சொல்ல வேண்டிய கேள்வி. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் நாயின் ஈரம் பட்டால் எப்படிக் கழுவ வேண்டும் என்ற முறை தெளிவாக இருக்கிறது. கழுவும் முறை சொல்லப்பட்டிருக்கிறது என்றால், தொட நேரும் சந்தர்ப்பம் முன்பே எண்ணப்பட்டிருக்கிறது என்றுதான் பொருள். கையுறையும் தண்ணீரும் இல்லாத வைத்தியசாலை எங்கும் இல்லை. தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற ஹதீஸைக் கேட்டு வளர்ந்த சமூகம், நோயுற்ற விலங்குக்கு மருந்து கொடுப்பதைத் தாழ்வாக நினைப்பதற்கு மார்க்கத்தைக் காரணம் காட்டுவது சரியென்று எனக்குப் படவில்லை. ஐயம் உள்ளவர்கள் ஊர் உலமாவிடம் நேரடியாகக் கேட்கட்டும். கேட்காமலே கதவை மூடுவதுதான் பிழை.

பெண் பிள்ளைக்கு இது எப்படிச் சரிவரும் என்பது அடுத்தது. பேராதனையில் இந்தப் படிப்பைப் படித்து வெளியேறுகிறவர்களில் பெண்கள் பெருந்தொகை. மாட்டைக் கட்டுக்குள் கொண்டுவருவது தோள் பலத்தை விடக் கயிறு, அடைப்புச் சட்டகம், மருந்து ஆகியவற்றின் வேலை. தடுப்பூசி ஆய்வு, உணவுப் பாதுகாப்பு, பால் தொழிற்சாலை, கோழிப் பண்ணை, ஆய்வுகூடம் என்று பட்டியை மிதிக்காத பாதைகளும் உண்டு.

தொழில் கிடைக்குமா என்ற மறுப்புத்தான் கனமானது. அரச நியமனம் பட்டம் முடித்த மறுநாள் வருவதில்லை; காத்திருப்பு இருக்கிறது, அதை மறைப்பது பிள்ளைக்குச் செய்யும் துரோகம். ஆனால் 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி மிருக வைத்தியம் செய்ய இலங்கை மிருக வைத்திய சபையில் பதிவு வேண்டும். நாட்டுக்குள் படித்து அந்தப் பதிவுக்குத் தகுதி பெறுகிறவர்கள் ஒரே ஒரு பீடத்திலிருந்து வெளிவரும் சிறு தொகையினர்தான். கலைமாணிப் பட்டமோ பொது விஞ்ஞானப் பட்டமோ பெற்று வீதியில் நிற்பவர்களின் நெரிசலோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் மிருக வைத்தியர் பலர் வெளிநாடு போனதும் ஆட்பற்றாக்குறையைக் கூட்டியிருக்கிறது.

அனுமதியையே கூட்டலாமே, கிழக்கிலும் ஒரு பீடம் அமைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் விலங்கு வைத்தியசாலையும் பயிற்றுவிக்கும் மிருக வைத்தியர்களும் இல்லாமல் பெயர்ப் பலகை நட்டால் படிக்கப் போகும் பிள்ளைதான் பாதிக்கப்படும். அது நடக்கும் வரை இன்று பன்னிரண்டாம் தரத்தில் இருக்கும் பிள்ளை காத்திருக்க முடியாது.

அந்தப் பிள்ளைக்கு வேறு இரண்டு காரியம் உடனே தேவை. ஒன்று ஆங்கிலம். பரீட்சை தமிழில், பட்டப்படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில். உயர்தரம் எழுதிப் பல்கலைக்கழகம் போகும் வரை கிடைக்கும் மாதங்களை வீணாக்காமல், உயிரியல் பாடநூலின் ஒரு அத்தியாயத்தையாவது ஆங்கிலத்தில் வாசித்துப் பழகினால் முதலாம் வருடத்து மூச்சுத் திணறல் பாதியாகும். மற்றது, பார்த்தறிதல். உயர்தர உயிரியல் வகுப்புக்கு வைத்தியர்களை அழைத்துப் பேசவைக்கும் பாடசாலைகள் ஒரு மிருக வைத்தியரை அழைப்பது அரிது. பிரதேச கால்நடை வைத்திய அலுவலகம் கால்-வாய் நோய்த் தடுப்பூசிக்குப் பட்டிகளுக்குப் போகும் ஒரு காலையில், ஆறேழு மாணவரும் ஒரு ஆசிரியரும் ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேட்டால் என்ன? அதற்கு நிதியும் வேண்டாம், சுற்றறிக்கையும் வேண்டாம். அதிபரின் ஒரு கடிதம் போதும், அதை அடுத்த தவணை தொடங்கும் முன்பே எழுதிவிடலாம்.