முதலில் வரைபடம், பிறகு முன்பணம்

சென்ற மாதம் ஈஜோக்கில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். தேநீர் ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார். தோட்டத்தில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். சேமநிதிப் பணத்தில் சாலையோரமாக வாங்கிய ஓர் ஏக்கர் செம்பனை நிலம்தான் அவருக்கு இருக்கும் ஒரே சொத்து.

"ஒருத்தர் வந்து நெலத்தப் பார்த்துட்டுப் போனாரு. எண்ணெய் நெலையம் கட்டலாமாம், கூடவே மினி மார்க்கெட்டாம். பெர்மிட் எல்லாம் அவரே எடுத்துக் குடுப்பாராம். முன்பணம் மட்டும் இருபதாயிரம் வெள்ளி கேக்குறாரு. நீ ரேடியோவுல நாலு பேரோட பேசுற ஆளு, விசாரிச்சுச் சொல்லேன்."

நகரத் திட்டமிடல் துறையில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் விசாரித்தேன். அவர் பதில் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார். "வரைபடத்தில் அந்த நிலம் எந்த நிறத்தில் இருக்கிறது?"

ஒவ்வோர் ஊராட்சி மன்றமும் தன் வட்டாரத்துக்கென உள்ளூர்த் திட்டம் ஒன்றை வைத்திருக்கும். 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' என்பார்கள். வீடு, வணிகம், விவசாயம் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் அதில் ஒரு நிறம் உண்டு. அந்தத் திட்டத்துக்கு முரணான மேம்பாட்டுக்கு அனுமதி தர 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பிளான் மலேசியாவின் ஐ-பிளான் தளத்தில் கைப்பேசியிலேயே பார்க்கலாம். நகராண்மைக் கழகத்துக்கு நேரில் போயும் கேட்கலாம்.

நிறம் பொருந்தினால்தான் அடுத்த வேலை. திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பித்தால், அது பொதுப்பணித் துறை, தீயணைப்பு, வடிகால், சுற்றுச்சூழல் எனப் பல துறைகளின் கருத்துக்குப் போகும். கூட்டரசுச் சாலையிலிருந்து வாகனம் திரும்ப வழி வெட்டுவதென்றால் பொதுப்பணித் துறை தலையசைக்க வேண்டும். நிலப் பட்டாவில் 'பெர்தானியான்', அதாவது விவசாயம் என்று இருந்தால், நில அலுவலகத்தில் பிரீமியம் கட்டி வகையை மாற்ற வேண்டும். பிறகு கட்டட வரைபடம். எண்ணெய் விற்க உள்நாட்டு வர்த்தக அமைச்சின் உரிமம் வேறு. பம்புகளை அளவைச் சட்டத்தின்படி சோதித்து முத்திரையிட வேண்டும்.

அனுமதியில்லாமல் கட்டினால் 500,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. அனுமதி கிடைத்தாலும் 12 மாதத்துக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் அது காலாவதியாகும். 'எல்லாத்தையும் நான் பார்த்துக்கிறேன்' என்று சொல்கிறவரின் பெயரில் இதில் ஒன்றும் வராது. எல்லாம் நிலச் சொந்தக்காரர் தலையில்தான் விடியும்.

சரி, இவ்வளவும் கடந்து நிலையம் திறந்தால் லாபம் கொட்டுமா? ரோன் 95 விற்கிறவருக்கு லிட்டருக்கு 15 காசு கமிஷன் என்று 2019இல் ஆனது. ஒரு தம்பி மோட்டாரில் வந்து புடி 95 விலையான 1 வெள்ளி 99 காசுக்கு, ஐந்து வெள்ளிக்கு எண்ணெய் ஊற்றினால் நிலையத்துக்கு 40 காசுகூடத் தேறாது. அட்டையில் பணம் கட்டினால் அதற்கும் ஒரு கட்டணம் போகும். ரொட்டி, மைலோ, ஐஸ்கட்டி விற்கும் கடைதான் கைகொடுக்கிறது. மெஸ்ரா, செலெக்ட் என்று எண்ணெய் நிறுவனங்கள் கடைக்குத் தனிப்பெயர் வைத்து நடத்துவது சும்மா இல்லை. எனவே விசாரிக்க வேண்டியது சாலையில் எத்தனை வண்டி ஓடுகிறது என்பதை மட்டுமல்ல, எத்தனை வண்டி நின்று இறங்கும் என்பதையும்தான்.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று பெரியப்பா அலுத்துக்கொண்டார். 2019 ஜூலையில் நடந்ததை நினைவுபடுத்தினேன். சிலாங்கூர் ஆற்றில் டீசல் கலந்ததால் நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் லட்சக்கணக்கான வீடுகளில் குழாய் வறண்டது. அந்த டீசல் வந்தது எண்ணெய் நிலையத்திலிருந்து அல்ல, மணல் எடுக்கும் இடத்திலிருந்து. ஆனால் எண்ணெய்க்கு அந்த வித்தியாசம் தெரியாது. நிலத்தடித் தொட்டி கசிந்தாலும் அது மண்ணுக்கும் கால்வாய்க்கும்தான் போகும். அதே ஆறுதான் கீழே கம்போங் குவாந்தானில் மின்மினிகளுக்கும் வீடு.

நிலம் இல்லாதவர்களுக்கும் இதில் வேலை உண்டு. நம் வீட்டுக்கு அருகில், தமிழ்ப்பள்ளிக்கு அருகில் என்ன வரலாம் என்பதும் அதே வரைபடத்தில்தான் முடிவாகிறது. அண்டை நிலக்காரர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபிக்க 21 நாள் அவகாசம் தர வேண்டும் என்று சட்டம் சொல்வது உள்ளூர்த் திட்டம் இல்லாத இடங்களுக்கு. திட்டம் இருக்கும் இடத்தில் நாம் வாய் திறக்க வேண்டிய நேரம், அது வரைவாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது. அந்த அறிவிப்பைப் படித்துப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? பலகை நட்ட பிறகு கோயில் திடலில் கூட்டம் போடுவதுதான் நம் பழக்கம்.

பெரியப்பா நிலத்தின் நிறத்தைப் பார்த்தோம். விவசாயம். முன்பணம் கேட்டவரிடம், "இந்த எடத்துல எண்ணெய் நெலையம் வரலாம்னு திட்டத்துல எங்க இருக்கு? எழுத்துல காட்டுங்க, பேசலாம்" என்று பெரியப்பாவே தொலைபேசியில் சொன்னார். பார்த்துவிட்டு அழைப்பதாகச் சொன்ன மனிதர் இன்னும் அழைக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படி யாராவது வரக்கூடும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர்களை நகராண்மைக் கழகத்துக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். அரை நாள் விடுப்புப் போதும்.