மறந்துவிடு என்று சொல்லாதீர்கள்!

மனைவியை இழந்த நாவலாசிரியர் காட்டிய வழி

கோயம்புத்தூரில் ஒரு தெரு. குழாயடியில் குடத்தோடு ஒரு பெண் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

எதிர் வீட்டில் ஒரு வாலிபர். அக்காள் வீட்டுக்கு வந்து தங்கியிருப்பவர். அந்தப் பெண்ணைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் மனத்தைப் பறிகொடுத்தார்.

இது நடந்தது 1933-ல். அந்த வாலிபர்தான் ஆர்.கே. நாராயண். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியர். அந்தப் பெண்ணின் பெயர் ராஜம்.

இருவருக்கும் கல்யாணம் நடந்தது. ஆனால் 1939-ல் ராஜம் இறந்துபோனார். கையில் மூன்று வயதுப் பெண் குழந்தை.

அப்போது நாராயணுக்கு வயது 32. அதன்பிறகு 60 ஆண்டுகளுக்கு மேல் அவர் உயிர் வாழ்ந்தார். மறுமணம் செய்துகொள்ளவே இல்லை. எழுதுவதையும் நிறுத்தவில்லை.

இது எப்படி முடிந்தது? இதில் நமக்கெல்லாம் ஒரு பாடம் இருக்கிறது. துக்க வீட்டுக்குப் போய், "அழாதே, மறந்துவிடு" என்று சொல்லுகிறோமே, அவர்கள் எல்லாரும் படிக்கவேண்டிய பாடம்!

பாட்டி பார்த்த நல்ல நாள்

நாராயண் பிறந்தது சென்னையில், 1906-ல். தமிழ்க் குடும்பம். சிறு வயதில் புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தார். தகப்பனார் மைசூரில் தலைமை ஆசிரியர்.

பி.ஏ. படித்து முடித்தார். வாத்தியார் வேலைக்குப் போனார். சில நாட்களிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். "நான் எழுத்தாளன் ஆகப்போகிறேன்" என்றார்.

பாட்டி பஞ்சாங்கம் பார்த்து ஒரு நல்ல நாள் குறித்துக் கொடுத்தார். அந்த நாளில் பெங்களூரில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார் நாராயண். முதல் நாவலின் முதல் வரியை அதில் எழுதினார். "மால்குடி" என்ற ஊர் அன்றைக்குத்தான் பிறந்தது. அந்த ஊர் எந்தப் பூகோளப் படத்திலும் இல்லை. ஆனால் உலகம் முழுவதும் அதைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

நாவலை எழுதியாகிவிட்டது. யாரும் அச்சிட முன்வரவில்லை. லண்டனிலிருந்து ஒவ்வொரு கம்பெனியாகத் திருப்பி அனுப்பியது. நாராயண் மனம் நொந்தார். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த நண்பருக்கு, "அதில் ஒரு கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு" என்று எழுதிவிட்டார்!

நண்பர் அப்படிச் செய்யவில்லை. கிரகாம் கிரீன் என்ற ஆங்கில எழுத்தாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவருடைய சிபாரிசினால் 1935-ல் "சுவாமியும் நண்பர்களும்" வெளிவந்தது.

செவ்வாயும் விஷ ஜுரமும்

இதற்கிடையில்தான் கல்யாணம். அதுவும் சுலபமாக நடக்கவில்லை. மாப்பிள்ளைக்கு நிலையான வருமானம் இல்லை. ஒரு பத்திரிகைக்குச் செய்தி சேகரித்து அனுப்பி, சொற்பப் பணம் சம்பாதித்துக்கொண்டிருந்தார்.

ஜாதகமும் பொருந்தவில்லை. மாப்பிள்ளைக்கு ஏழாம் இடத்தில் செவ்வாய். மனைவிக்கு ஆகாது என்றார்கள். நாராயண் விடவில்லை. பெண்ணின் தகப்பனாரிடம் பழகி, பேசி, சம்மதம் வாங்கினார்.

ராஜம் இறந்தபோது, "பார்த்தாயா, ஜோதிடம் பலித்துவிட்டது!" என்று சொல்ல வாய்கள் இருந்திருக்கும். ஆனால் ராஜத்தைக் கொன்றது செவ்வாய்க் கிரகம் அல்ல. டைபாய்டு என்னும் விஷ ஜுரம்.

அது அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும் நோய். 1939-ல் அதற்குச் சரியான மருந்து கிடையாது. அந்த நோயைக் கொல்லும் மருந்து 1940-களின் கடைசியில்தான் வந்தது. சில ஆண்டுகள் பிந்தி நோய் வந்திருந்தால் ராஜம் பிழைத்திருக்கலாம். யார் ஜாதகத்தின் மீதும் பழி போட வேண்டியதில்லை.

இருண்ட நாட்கள்

மனைவி போனபிறகு நாராயணுக்கு எதிலும் பிடிப்பு இல்லை. எழுத்து ஓடவில்லை. குழந்தை ஹேமாவுக்காகத்தான் நடமாடினார். மைசூரில் கூட்டுக் குடும்பம். வீட்டார் குழந்தைக்கும் அவருக்கும் துணையாக இருந்தார்கள்.

1935-லிருந்து 1938-க்குள் மூன்று நாவல்கள் வெளியிட்டவர் அவர். அடுத்த நாவல் வெளிவர 1945 ஆயிற்று. இடையில் ஏழு ஆண்டுகள்! சிறுகதைகள் எழுதினார். நாவல் வரவில்லை.

அந்த நாட்களில் சென்னையில் ஒரு வழக்கறிஞர் அவருக்கு அறிமுகமானார். இறந்தவர்களோடு பேச முடியும் என்று நம்பியவர். கண்ணை மூடி உட்கார்ந்து, ராஜம் சொல்வதாகத் தாளில் எழுதிக் காட்டினார். அது நாராயணுக்கு ஆறுதலாக இருந்தது. இதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

ஆவி உண்மையில் பேசியதா? எனக்கு நம்பிக்கை இல்லை. துக்கப்படுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பணம் பறிக்கும் கூட்டமும் இருக்கிறது. ஜாக்கிரதை வேண்டும்.

ஆனால் ஒன்று மட்டும் விளங்குகிறது. நாராயண் எதற்காக அங்கே போனார்? ராஜத்தைப் பற்றிப் பேச ஓர் இடம் வேண்டியிருந்தது. ஊரெல்லாம் "மறந்துவிடு" என்று சொல்லும்போது, "வா, அவரைப் பற்றிப் பேசுவோம்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த இடத்தை நாம் கொடுத்தால், அவர்கள் ஏன் ஆவியைத் தேடிப் போகிறார்கள்?

ஒரு பழைய கடிகாரம்

1945-ல் "ஆங்கில ஆசிரியர்" என்ற நாவல் வெளிவந்தது. அதை ராஜத்துக்கே அர்ப்பணம் செய்தார். கதாநாயகன் கிருஷ்ணன். மனைவி சுசீலா. குழந்தை லீலா. பெயர்கள்தான் வேறு. அதில் கற்பனை மிகக் குறைவு என்று, 1974-ல் வெளியான தன் வாழ்க்கை வரலாற்றில் நாராயண் சொல்லியிருக்கிறார்.

அந்த நாவலில் என்ன இருக்கிறது? காதல் வசனமா? இல்லை. மாதச் சாமான் பட்டியல் இருக்கிறது! சுசீலா கணக்கில் கெட்டிக்காரி. கடையில் ஒரு சாமான் மாறினாலும் விடமாட்டாள்.

கிருஷ்ணனிடம் ஒரு பழைய அலாரக் கடிகாரம். கண்ட நேரத்தில் அடிக்கும். ஒரு நாள் பழைய காகிதக்காரனிடம் அதைத் தள்ளிவிடுகிறாள் சுசீலா. கிருஷ்ணனுக்குக் கோபம் வருகிறது. சண்டை! இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

இதைப் படிக்கும்போது சிரிப்பு வரும். சில பக்கங்கள் தள்ளி சுசீலா படுத்த படுக்கையாகிறாள். அப்போது அந்தச் சண்டை நினைவுக்கு வரும். நெஞ்சை அடைக்கும்.

ஒருவர் போனபிறகு நாம் நினைப்பது அவருடைய பெரிய குணங்களை அல்ல. மளிகைச் சீட்டில் இருக்கும் கையெழுத்தையும், ஒன்றுமில்லாததற்குப் போட்ட சண்டையையும்தான். நாராயண் இதை அறிந்தவர். ஆகவே சாமான் பட்டியலையும் சண்டையையும் எழுதினார்.

பிற்பகுதியில் கிருஷ்ணன் இறந்த மனைவியோடு பேசுகிறான். இது பல வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை. முதல் பாதியை ரசித்தவர்கள் இரண்டாம் பாதியைக் கண்டு திகைத்தார்கள். நாராயணுக்கும் இது தெரியும். ஆனாலும் தனக்கு நேர்ந்ததைத்தான் எழுதினார்.

வீட்டு விஷயத்தை எழுதலாமா?

"செத்துப்போன மனைவியின் கதையை எழுதி விற்கலாமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

என் பதில் இது: பழி தீர்க்க எழுதினால் தவறு. பெருமை பேச எழுதினாலும் தவறு. நாராயண் தன் பக்கத்துக் குற்றத்தையும் சேர்த்தே எழுதினார். கடிகாரச் சண்டையில் கோபித்துக்கொள்கிறவன் கணவன்தானே! பெயர்களையும் மாற்றினார். இதில் ராஜத்துக்கு என்ன குறைவு? எண்பது ஆண்டுகளாகப் படிக்கிறவர்கள் எல்லாம் சுசீலாவுக்காகக் கண்ணீர் விடுகிறார்கள்.

எழுதியதால் துக்கம் தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. துக்கத்துக்கு ஓர் இடம் கிடைத்தது. அவ்வளவுதான். அதன்பிறகு மற்ற வேலைகளுக்கும் மனத்தில் இடம் உண்டாயிற்று. 1958-ல் "வழிகாட்டி" நாவல் வந்தது. 1960-ல் அதற்குச் சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது.

நாம் செய்யவேண்டியது

அடுத்த தடவை துக்க வீட்டுக்குப் போகும்போது "மறந்துவிடு" என்று சொல்லாதீர்கள். மறக்க முடியாது. மறக்கவும் வேண்டாம். பதினாறாம் நாளே மறுமணப் பேச்சையும் எடுக்காதீர்கள்.

போனவரின் பெயரைச் சொல்லுங்கள். "அவர் வைக்கும் குழம்பு எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது" என்று சொல்லுங்கள். அவர்கள் அழுவார்கள். அழட்டும். பிறகு பேசுவார்கள். நீங்கள் கேளுங்கள். குழந்தை இருந்தால் ஒரு கை கொடுங்கள்.

துக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். போனவரைப் பற்றி எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். இலக்கணம் யாருக்கு வேண்டும்? நாலு வரி போதும். அச்சில் வரவேண்டியதில்லை. உங்கள் பேரப்பிள்ளைகள் ஒரு நாள் எடுத்துப் படிப்பார்கள். பாட்டி எப்படி இருந்தாள் என்று தெரிந்துகொள்வார்கள்.

கடைசி நோட்டு

நாராயணுக்கு வாழ்க்கை இன்னொரு அடியும் வைத்திருந்தது. 1994-ல் மகள் ஹேமாவும் இறந்துபோனார். தாயில்லாமல் வளர்த்த பெண்! தள்ளாத வயதில் அந்தத் துயரத்தையும் தாங்கினார்.

2001 மே மாதம். சென்னையில் மருத்துவமனையில் இருந்தார். வயது 94. செயற்கைச் சுவாசம் கொடுக்கச் சில மணி நேரமே இருந்தது. அப்போது அவர் எதைப் பற்றிப் பேசினார் தெரியுமா? அடுத்த நாவலைப் பற்றி! ஒரு தாத்தாவின் கதையாம். பத்திரிகை ஆசிரியரான நண்பர் என். ராமிடம், "எனக்கு ஒரு நோட்டு வாங்கி வாருங்கள்" என்று கேட்டார்.

அந்த நாவலை அவர் தொடங்கவே இல்லை. மே 13-ல் காலமானார்.

பாட்டி பார்த்துச் சொன்ன நாளில் வாங்கியது ஒரு நோட்டு. சாகும் தறுவாயில் கேட்டதும் ஒரு நோட்டு. இடையில் எழுதியவற்றில் ஒன்று, ராஜத்தின் கதை. அவர் மனைவியை மறக்கவில்லை. அதனால்தான் எழுத முடிந்தது.