கேமரா இருக்கிறது, பதிவு இருக்கிறதா?

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் கடைவீதியிலும் கோயில் வாசலிலும் கூட்டம் கூடுகிறது. பள்ளிகள் விடுமுறைக்காகப் பூட்டப்படுகின்றன. இந்த சீசனுக்கு முன்னால், கடை வைத்திருப்பவர்களும் அபார்ட்மென்ட் சங்கத்தினரும் "வெளியே இன்னும் நான்கு கேமரா போடலாமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். புதியது வாங்கும் முன்னர் இருப்பதைச் சோதித்துப் பாருங்கள் என்பதுதான் என் பதில்.

தமிழகத்தில் நகர்ப்புறப் பொதுக் கட்டடங்களில் கேமரா பொருத்துவதற்கான விதிகள் 2012ல் வந்தன. கேமராக்கள் பெருகிவிட்டன. ஆனால் "இங்கு கேமரா உள்ளது" என்ற பலகைக்குக் காட்டும் அக்கறையை, பதிவு செய்திடும் டி.வி.ஆர். பெட்டிக்கு நாம் காட்டுவதில்லை. திருட்டு நடந்து, போலீஸ் வந்து கேட்கும்போதுதான் அதைத் திறக்கிறோம்.

முதலில் வெளியே சென்று பாருங்கள். வேப்பமரம் இந்த மாதங்களில் புதிதாகத் தளிர்க்கும். மார்கழியில் தெளிவாகத் தெரிந்த கேட், இப்போது இலைகளுக்குப் பின்னால் மறைந்திருக்கலாம். லென்ஸ் முன் சிலந்தி வலை இருந்தால் பகலில் தெரியாது. இரவில் கேமராவின் இன்ப்ரா ரெட் ஒளி அதில் பட்டுத் திரும்பி, படம் முழுவதும் வெளுத்துவிடும். எனவே இரவுக் காட்சியையும் அவசியம் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் வீதம் பதிவு செய்தால், ஒரு நாளைக்குச் சுமார் 43 ஜிபி ஆகும். எட்டு கேமராக்களுக்கு ஏறத்தாழ 345 ஜிபி. அப்படியானால் 2 டெராபைட் டிஸ்க் ஆறு நாட்களுக்குக் கூடத் தாங்காது. பழைய காட்சிகள் மீது புதியவை பதியப்படும். பத்து நாள் விடுமுறைக்குப் பின் பள்ளியைத் திறந்து, முதல் நாள் இரவில் நடந்ததைத் தேடினால் என்ன கிடைக்கும்? கேமராவும் டி.வி.ஆரும் எச்.265 முறையை ஏற்குமானால் அதற்கு மாற்றுங்கள். ஏறத்தாழ பாதி இடம் மிச்சமாகும்.

டி.வி.ஆரின் கடிகாரத்தையும் கவனியுங்கள். அது இருபது நிமிடம் தவறாக ஓடினால், காட்சியில் தெரியும் நேரமே சந்தேகத்திற்கு இடமாகிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி, இத்தகைய காட்சியின் நகலைக் கோர்ட்டில் சாட்சியமாக வைக்கச் சான்றிதழ் தேவை. காட்சியைப் பாதுகாப்பதும் நம் பொறுப்புதான்.

பாஸ்வேர்ட் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வருகிறது. பொருத்த வந்தவர் தந்த 'அட்மின்', '12345' இன்னும் பல இடங்களில் மாறவில்லை. 2016ல் மிராய் என்ற வைரஸ், இப்படித் தொழிற்சாலை பாஸ்வேர்டுடன் விடப்பட்ட கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும்தான் வளைத்துப் பிடித்தது. அவற்றைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தின் சர்வர்கள் தாக்கப்பட்டன. ட்விட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற தளங்கள் தடுமாறின. காவலுக்கு வைத்த கருவியே திருடனுக்குக் கூலியாளானது.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறதே என்பீர்கள். வருபவர் லென்ஸைத் துடைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிச் செல்வது பராமரிப்பு ஆகாது. கையெழுத்திடும் முன் அவரிடம் ஒன்று கேளுங்கள்: "ஐந்து நாள் முன்பு, இரவு இரண்டு மணிக்கு மெயின் கேட்டில் பதிவான காட்சியைக் காட்டுங்கள். அதைப் பென் டிரைவில் காப்பி செய்து என் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டுங்கள்." அவர் காட்டிவிட்டால் உங்கள் கேமராக்கள் வேலை செய்கின்றன. காட்ட முடியாவிட்டால், இன்னும் நான்கு கேமரா வாங்கியும் பயனில்லை.