ஆக்சிலேட்டரை விட்டா வண்டி ஆஃப் ஆகுதா? புது பைக் லோன் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

திருமுடிவாக்கம் சிட்கோவுக்கு தாம்பரம், பல்லாவரம், குன்றத்தூர் பக்கமிருந்து பைக்ல வேலைக்கு வர்றவங்களுக்கு, வண்டி நின்னா ஷிஃப்ட் போச்சு, சம்பளம் போச்சு. அதனாலதான் ஆக்சிலேட்டரை விட்டதும் இன்ஜின் ஆஃப் ஆக ஆரம்பிச்சா, "புதுசே எடுத்துடலாம்"னு மனசு ஓடுது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைஞ்சது, அந்த ஆசைக்கு இன்னும் தூபம் போடுது.

என் கருத்து இதுதான்: இந்த ஒரு அறிகுறியை நம்பி லோன் போடாதீங்க.

உள்ளே என்ன நடக்குது?

ஆக்சிலேட்டரை மூடினா, இன்ஜினுக்குக் காத்து போற பெரிய வழி கிட்டத்தட்ட அடைஞ்சிடும். அப்புறம் ஒரு சின்ன வழியில வர்ற காத்தும் பெட்ரோலும்தான் இன்ஜினை ஓட வைக்கணும். அந்த சின்ன வழி அழுக்கானா வண்டி நின்னுடும். ரேஸ் பண்ணும்போது நல்லா ஓடி, விட்டா மட்டும் நிக்குதுன்னா, பல நேரம் பிரச்சினை இங்கேதான். இன்ஜின் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை.

செலவு குறைஞ்சதுலருந்து ஆரம்பிங்க

1. ஐடிலிங் ரொம்பக் குறைவா இருக்கான்னு பாருங்க.
2. ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக்.
3. கார்புரேட்டர் வண்டின்னா ஸ்லோ ஜெட்டை க்ளீன் பண்ணணும். மேனிஃபோல்ட் ரப்பர்ல வெடிப்பு இருந்தாலும் காத்து உள்ளே போய் ஐடிலிங் கெடும்.
4. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்த பிறகு வாங்கின வண்டிகள் பெரும்பாலும் எஃப்ஐ. அதுல த்ராட்டில் பாடியில சேர்ற கார்பன், ஐடிலிங் காத்தைக் கட்டுப்படுத்துற வால்வு, சென்சார். மீட்டர்ல இன்ஜின் லைட் எரிஞ்சா முதல்ல ஸ்கேன்.
5. இன்ஜின் சூடான பிறகு மட்டும் நின்னா, வால்வ் க்ளியரன்ஸ்.

"த்ராட்டில் பாடியையே மாத்தணும்"னு சொன்னா, "க்ளீன் பண்ணிப் பார்த்தீங்களா அண்ணா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. மாத்தின பழைய பார்ட்டைக் கையில வாங்குங்க. சரியா செக் பண்ணிச் சொல்ற மெக்கானிக்குக்கு அந்தக் கூலியைப் பேரம் பேசாம கொடுங்க. யூகத்துல மாத்துற பார்ட்ஸ்தான் உண்மையான வீண் செலவு.

ஐடிலிங்கை மட்டும் ஏத்திவிட்டு ஓட்டுறது தீர்வு இல்லை. பெட்ரோல் வீணாகும், காரணமும் அப்படியே இருக்கும். அதுக்காகத் தள்ளியும் போடாதீங்க. அவுட்டர் ரிங் ரோடு பக்கம் லாரிக்கு முன்னாடி திரும்பும்போது வண்டி நின்னா, அது பணப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

இப்போ கணக்கு

1 லட்சம் ரூபாய் லோன், 12 சதவீத வட்டி, 36 மாசம். இஎம்ஐ சுமார் 3,321 ரூபாய். வட்டி மட்டும் சுமார் 19,570 ரூபாய். மேலே சொன்னதுல முதல் மூணும் பெரும்பாலும் ஒரு மாச இஎம்ஐக்குள்ள முடியுற வேலை.

புதுசே வாங்கக் கூடாதுன்னு சொல்லலை. கம்ப்ரெஷன் போய், புகை தள்ளி, இன்ஜின் வேலைக்கான எஸ்டிமேட் வண்டியோட விலையை நெருங்கினா, தாராளமா மாத்துங்க. ஆனா அந்த முடிவை எஸ்டிமேட் கைக்கு வந்த பிறகு எடுங்க. அழுக்கான ஒரு ஜெட்டுக்காக மூணு வருஷ சம்பளத்தை அடகு வைக்காதீங்க.